தாத்தாவின் போர்ப் பெட்டி எங்கே போக வேண்டும்?

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது இந்திய ராணுவத்தில் ஏறத்தாழ 25 லட்சம் பேர் இருந்தார்கள். கட்டாய ஆள்சேர்ப்பு இல்லாமல், தாமாக வந்து சேர்ந்தவர்களால் திரண்ட படைகளில் உலகிலேயே பெரியது அதுதான். சென்னை மாகாணத்திலிருந்து மட்டும் லட்சக்கணக்கானோர் போனார்கள். வட ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் பர்மாவிலும் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர்கள் கையோடு ஒரு டிரங்குப் பெட்டியைக் கொண்டுவந்தார்கள். பெட்டி பரணுக்குப் போனது. ‘அப்பா பட்டாளத்தில் இருந்தவர்’ என்பதற்கு மேல் வீட்டில் பேச்சு நீளவில்லை. இன்று அந்தத் தலைமுறையில் அநேகமாக யாரும் இல்லை. அவர்கள் பிள்ளைகளுக்கே எழுபது, எண்பது வயதாகிவிட்டது. பழைய வீட்டை இடிக்கும்போதோ பாகம் பிரிக்கும்போதோ பெட்டி கீழே இறங்குகிறது. இதை என்ன செய்வது என்ற கேள்வி அப்போதுதான் வருகிறது.

அந்த நேரத்தில் பெரும்பாலான வீடுகளில் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. மெடல்களைப் பிள்ளைகள் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்கிறார்கள். காகிதங்கள் பழைய பேப்பர் கடைக்குப் போகின்றன. இரண்டுமே திரும்பப் பெற முடியாத இழப்பு. ஒருவருடைய மெடல்கள், சம்பளப் புத்தகம், கடிதங்கள், போட்டோக்கள் எல்லாம் சேர்ந்திருக்கும்வரைதான் அவை ஒரு மனிதரின் கதையைச் சொல்லும். பிரித்துவிட்டால் மெடல் வெறும் உலோகம், போட்டோவில் இருப்பவர் யாரோ ஒருவர்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வீட்டில் மதிப்புள்ளதாக நினைப்பது மெடலை. அருங்காட்சியகங்களிலும் ஆவணக் காப்பகங்களிலும் பற்றாக்குறையாக இருப்பதோ காகிதமும் குரலும். லட்சக்கணக்கில் வார்க்கப்பட்ட மெடல் எல்லா இடத்திலும் இருக்கிறது. ஒரு சிப்பாய் இம்பாலிலிருந்து தன் மனைவிக்குத் தமிழில் எழுதிய கடிதம் எங்கேயும் எளிதில் கிடைக்காது. பெட்டிக்கு இடம் தேடும் வேலை முழுவதும் இந்த ஒன்றைப் புரிந்துகொள்வதில்தான் இருக்கிறது.

யாருடைய போர்?

தமிழ்க் குடும்பங்களில் கிடைக்கும் போர்க்காலப் பொருட்கள் எல்லாம் ஒரே படையிலிருந்து வந்தவை அல்ல. பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் இருந்தவர்களுடையவை ஒரு வகை. நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) இருந்தவர்களுடையவை இன்னொரு வகை. துப்பாக்கியே தூக்காமல் போரில் சிக்கியவர்கள் விட்டுப்போனவை மூன்றாவது வகை. மலேயாத் தோட்டங்களிலிருந்து சயாம் ரயில் பாதை போட ஜப்பானியர்களால் இழுத்துச் செல்லப்பட்டவர்கள், 1942-ல் பர்மாவிலிருந்து காடும் மலையும் கடந்து நடந்தே இந்தியா வந்து சேர்ந்தவர்கள் எல்லாம் இதில் அடங்குவார்கள். ஒரே குடும்பத்தில் மூன்று வகையும் இருப்பதுண்டு. அண்ணன் மெட்ராஸ் சாப்பர்ஸில், தம்பி நேதாஜி படையில், சித்தப்பா சயாமில் என்று போன குடும்பங்கள் தஞ்சாவூர், ராமநாதபுரம் பக்கங்களில் உண்டு. எந்தப் பொருள் எந்தப் போரைச் சேர்ந்தது என்று தெரிந்தால்தான் அது எந்த வாசலைத் தட்ட வேண்டும் என்பதும் தெரியும்.

ராணுவ மெடல்களை அடையாளம் காண்பது அவ்வளவு கடினமில்லை. ஆறு முனை நட்சத்திரமாக, மஞ்சள் உலோகத்தில், நடுவில் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முடியும் எழுத்துகளும் இருந்தால் அது இரண்டாம் உலகப் போரின் ‘ஸ்டார்’ வகை. எந்தக் களம் என்பதை ஸ்டாரின் மேலேயே எழுதியிருப்பார்கள்: ‘பர்மா ஸ்டார்’, ‘ஆப்பிரிக்கா ஸ்டார்’, ‘இத்தாலி ஸ்டார்’. வட்டமாக, வெள்ளி போலத் தெரிந்து, ஒரு பக்கம் மன்னரின் தலையும் மறுபக்கம் இரட்டைத்தலை டிராகனின் மேல் நிற்கும் சிங்கமும் இருந்தால் அது போர் மெடல். இந்திய வரைபடம் பொறித்த இன்னொரு வட்ட மெடல், இந்தியாவுக்குள்ளேயே மூன்று ஆண்டுகள் பணி செய்தவர்களுக்குக் கொடுத்தது. களத்துக்குப் போகாமல் டிப்போவிலும் ஆஸ்பத்திரியிலும் உழைத்தவர்களின் அடையாளம் அது.

இந்த மெடல்களைத் திருப்பிப் பார்ப்பது முக்கியம். பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குக் கொடுத்த இரண்டாம் உலகப் போர் ஸ்டார்களில் பெயர் இருக்காது. இந்தியப் படையினருக்குக் கொடுத்தவற்றில் பெயர் பொறித்தார்கள். ஸ்டாருக்கு முதுகுப்புறத்திலும், வட்ட மெடலுக்கு விளிம்பிலும் ஒரு எண், பதவி, பெயர், படைப்பிரிவின் சுருக்கம் என்று சின்ன எழுத்தில் இருக்கும். பூதக்கண்ணாடி வைத்து, விளக்கைச் சாய்வாகப் பிடித்தால் தெரியும். அந்த எண்தான் சாவி. பெயரை ஆங்கிலேய எழுத்தர் தன் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்; ஒரே ‘முனுசாமி’ நாலு விதமாக இருக்கும். எண் மாறாது. படைப்பிரிவுச் சுருக்கம் ‘எஸ் அண்ட் எம்’ என்றால் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ், ‘ஆர்.ஐ.ஏ.எஸ்.சி.’ என்றால் உணவும் எண்ணெயும் சரக்கும் கொண்டுபோன ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோர்.

முதல் உலகப் போர் மெடல்கள் அரிதாகிவிட்டதற்கு ஒரு காரணம் உண்டு. அன்றைய பிரிட்டிஷ் போர் மெடல் பெரும்பாலும் அசல் வெள்ளி. அடகுக்கடைக்கும் தட்டாரின் உலைக்கும் போனவை ஏராளம். 1980-ஐ ஒட்டி வெள்ளி விலை எகிறியபோது உலகம் முழுவதும் இன்னும் பல உருகின. எனவே 1914-1918 காலத்து மெடல் ஒன்று பெயரோடு வீட்டில் இருந்தால், அந்தக் குடும்பம் கையில் காசில்லாத நாளிலும் அதைக் காப்பாற்றி வந்திருக்கிறது என்று பொருள். தமிழகக் கிராமங்கள் பலவற்றில், இந்த ஊரிலிருந்து பெரும்போருக்கு இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று சொல்லும் சலவைக்கல் பலகை சுவரில் பதிந்திருக்கும். அந்தப் பலகையில் பெயர் இராது, எண்ணிக்கை மட்டும்தான். பெயர் மெடலின் விளிம்பில் இருக்கிறது.

மலேயாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்த பெட்டிகளில் அடிக்கடி கிடைப்பது ஜப்பான்காரன் காலத்து நோட்டு. பத்து டாலர் நோட்டில் வாழைமரம் குலையோடு நிற்கும். அதனால்தான் அதற்கு வாழைமர நோட்டு என்று பெயர். நோட்டில் அச்சிட்ட எழுத்துகளில் முதல் எழுத்தைப் பார்த்தால் எந்த ஊர் என்று தெரியும்: ‘எம்’ என்றால் மலேயா, ‘பி’ என்றால் பர்மா. முதலில் அச்சிட்டவற்றில் தொடர் எண் இருக்கும். பின்னால் கணக்கு வழக்கின்றி அடித்துத் தள்ளியபோது எண் போடுவதையே விட்டுவிட்டு எழுத்துகளை மட்டும் போட்டார்கள். 1945-ல் ஜப்பான் சரணடைந்ததும் நோட்டு வெறும் தாளானது. மூட்டை மூட்டையாக இருந்ததால் இன்றைக்கும் இதற்குப் பெரிய விலை கிடையாது. ஆனால் இரண்டு வருடத் தோட்டக்கூலியை இந்த நோட்டில் சேர்த்து வைத்து, ஒரே வாரத்தில் எல்லாம் போய்விட்டது என்று அத்தை சொன்ன கதையோடு சேர்ந்து வந்தால் அந்தக் கட்டு ஒரு வரலாற்று ஆவணம்.

நேதாஜி படையில் இருந்தவர்களின் வீடுகளில் போர்க்காலப் பொருள் குறைவாகவே இருக்கும். 1945-ல் தோல்வி உறுதியானபோது பிரிட்டிஷார் கையில் சிக்கக்கூடாது என்று காகிதங்களை எரித்தார்கள். மலேயாத் தோட்டங்களின் லயங்களிலிருந்து ஜான்சி ராணிப் படைக்குப் போன பெண்கள் பலரிடம் ஒரு போட்டோ மட்டுமே மிஞ்சியது. அதற்குப் பதிலாக அந்த வீடுகளில் வேறொன்று கனமாக இருக்கும்: தியாகி பென்ஷன் கோப்பு. சிறையிலிருந்ததற்குச் சான்று, கூட இருந்தவர் எழுதிக்கொடுத்த கடிதம், எந்த முகாம், யார் கமாண்டர் என்று விண்ணப்பத்தில் எழுதிய விவரம் எல்லாம் அதில் உண்டு. 1972-ல், சுதந்திரத்தின் வெள்ளிவிழாவில் கொடுத்த தாமிரப் பட்டயத்தைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு இந்தக் கோப்பைத் தூக்கிப் போடுகிறார்கள். கோப்புதான் அரிய பொருள்.

முதலில் எழுதி வைக்க வேண்டும்

எந்த நிறுவனத்துக்கும் கடிதம் போடுவதற்கு முன்னால் வீட்டிலேயே முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பொருள் ஒவ்வொன்றும் யாருடையது, எப்படி வந்தது, வீட்டில் யார் வைத்திருந்தார்கள் என்பதை எழுத வேண்டும். சொந்த ஊர், பிறந்த ஆண்டு, பட்டாளத்தில் சேர்ந்த இடம், திரும்பிய ஆண்டு, மனைவி பெயர், போட்டோவில் நிற்பவர்கள் யார் யார் என்று தெரிந்ததெல்லாம் வேண்டும். கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டது என்றே எழுதுவது நல்லது. ‘பெரியம்மா சொன்னது’ என்று குறிப்பிட்டால் போதும்; அதைக் கொண்டு பின்னால் வருபவர்கள் சரிபார்த்துக்கொள்வார்கள். வீட்டில் வயதானவர் ஒருவர் இருந்தால், போட்டோக்களை ஒவ்வொன்றாகக் காட்டிக் கேட்டு, பேச்சைக் கைப்பேசியில் பதிவுசெய்வதை ஒத்திப்போடக் கூடாது. இதற்குச் செலவில்லை. இதைச் செய்யாமல் கொடுத்த பெட்டி, காப்பகத்தில் ‘அடையாளம் தெரியாதவர்’ என்ற தலைப்பின் கீழ் போகும்.

படையில் உயிரிழந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பெயர்ப்பட்டியலில் தேடலாம். 1917-ல் தொடங்கிய இந்த ஆணையம் இந்திய வீரர்களையும் பதிவு செய்திருக்கிறது. பல பதிவுகளில் தகப்பன் பெயர், மனைவி பெயர், ஊர், மாவட்டம்கூட இருக்கும். கல்லறையே இல்லாமல் பர்மாப் போரில் மறைந்த சுமார் 27,000 பேரின் பெயர்கள் யாங்கோன் அருகே தௌக்யான் நினைவகத்தில் இருக்கின்றன. உயிரோடு திரும்பிய சிப்பாய்களின் பணிப்பதிவேடுகள் லண்டனில் இல்லை. அந்தந்த ரெஜிமென்டின் ரெக்கார்ட் ஆபீஸ் இந்தியாவிலேயே இருக்கிறது. மெடல் எண்ணைக் குறிப்பிட்டுக் கடிதம் எழுத, மாவட்டத் தலைநகரில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழிகாட்டும்.

பொருட்களைக் கெடுப்பதில் காலத்தைவிட அன்பே அதிகம் செய்துவிடுகிறது. கொடுப்பதற்கு முன் பளபளப்பாக்க வேண்டும் என்று மெடலைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தால் விளிம்பிலுள்ள பெயர் தேயும். நைந்த ரிப்பனை எடுத்துவிட்டுப் புது ரிப்பன் மாட்டக் கூடாது. காகிதங்களுக்கு வரும் பெரிய ஆபத்து லேமினேஷன். டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்டைப் பத்திரப்படுத்துவதாக எண்ணிக் கடையில் கொடுத்து லேமினேட் செய்கிறார்கள். சூட்டில் உருகிய பிளாஸ்டிக் தாளின் இழைகளுக்குள் இறங்கிவிடும். பிறகு பிரிக்க முடியாது. செல்லோடேப், ஸ்டேப்ளர் பின், பால்பாயின்ட் பேனா எதுவும் அருகில் வரக் கூடாது. போட்டோவின் பின்னால் எழுதுவதானால் மென்மையான பென்சிலால், ஓரத்தில் எழுதலாம். பெட்டியைத் திறந்ததும் ராமபாணப் பூச்சியோ கரையானோ தெரிந்தால் பூச்சிமருந்தைக் காகிதத்தின் மேல் அடிக்காமல், பாதிக்கப்பட்டதைத் தனியாக எடுத்து உலர்ந்த இடத்தில் வைத்துவிட்டு, காப்பகத்தாரிடம் கேட்பதே சரி.

எந்த வாசல்?

பெரிய பெயருள்ள இடத்தில் கொடுப்பதே கௌரவம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் பெரிய அருங்காட்சியகங்கள் தம்மிடம் உள்ளவற்றில் சிறு பகுதியைத்தான் காட்சிக்கு வைக்கின்றன. மற்றவை கிடங்கில் இருக்கும். ஒரே மாதிரியான மெடல் நூறு இருக்கும் இடத்தில் நூற்றியோராவதாகப் போவதைவிட, அந்தக் கதையே இல்லாத இடத்துக்கு முதல் பொருளாகப் போவது மேல். எங்கே குறையிருக்கிறதோ அங்கே கொடுப்பது என்பதுதான் நல்ல வழி.

சாப்பர்ஸில் இருந்தவர்களுக்கு முதல் வாசல் பெங்களூரு. 1780-ல் தொடங்கும் மெட்ராஸ் சாப்பர்ஸ் மரபின் இன்றைய வடிவமான மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் அல்சூர் ஏரிக்கரையில் இருக்கிறது. பாலம் கட்டுவதும் கண்ணிவெடி அகற்றுவதும் பாதை வெட்டுவதும் இவர்கள் வேலை. படை முழுவதும் இவர்களைத் ‘தம்பி’ என்றே அழைக்கிறது. காஞ்சிபுரம் வட்டாரத்தைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன் இந்தப் படைக்காரர். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியின் மிக்னானோவில், வெடிக்கவிருந்த கண்ணிவெடியின் மேல் விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றி உயிர் விட்டார். ஜார்ஜ் கிராஸ் விருது நேரடியாகப் பெற்ற முதல் இந்தியர் அவர். அவரோடு அதே இத்தாலியில் வேலை பார்த்த, விருது எதுவும் பெறாத நூற்றுக்கணக்கான தம்பிகளின் கடிதங்களும் போட்டோக்களும் இன்னும் வீடுகளில்தான் இருக்கின்றன. காலாட்படையான மெட்ராஸ் ரெஜிமென்டில் இருந்தவர்களுக்கு நீலகிரியின் வெலிங்டன். 1928-ல் கலைக்கப்பட்டு, போர் மூண்ட பிறகு 1941-ல் மறுபடி எழுப்பப்பட்ட ரெஜிமென்ட் அது. எனவே அந்தப் புதுப் பிறப்பின் முதல் ஆண்டுகளைச் சேர்ந்த எந்தத் துண்டுக் காகிதமும் ரெஜிமென்டின் சொந்தக் கதைக்கு உதவும். இரண்டு இடங்களும் ராணுவ வளாகங்கள். முன்கூட்டியே எழுதி அனுமதி பெறாமல் பெட்டியோடு போய் நிற்க முடியாது.

சென்னைக்குள்ளேயே கொடுக்க விரும்புவோர் முதலில் நினைப்பது கோட்டை அருங்காட்சியகத்தை. இந்தியத் தொல்லியல் துறையின் கீழ் இருக்கும் அதில் கம்பெனிக் காலச் சீருடைகளும் ஆயுதங்களும் மெடல்களும் இருக்கின்றன. அச்சுப் பொருளும் துண்டறிக்கையும் தமிழ்க் கையெழுத்துப் படிகளும் பெட்டியில் அதிகமாக இருந்தால் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைக் கேட்டுப் பார்க்கலாம். தமிழ் தெரிந்தவர்கள் கையில் தமிழ்க் காகிதம் இருப்பதன் நன்மை பெரிது. மொழி தெரியாத இடத்தில் நூறு கடிதங்கள் ‘தமிழ்க் கடிதங்கள், ஒரு கட்டு’ என்ற ஒற்றை வரியாகப் பட்டியலில் ஏறும். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் அறியமாட்டார்கள்.

நேதாஜி படையினரின் பொருட்களுக்குப் பல வாசல்கள் இருக்கின்றன. கொல்கத்தாவில் நேதாஜி வாழ்ந்த வீட்டிலேயே நேதாஜி ஆராய்ச்சி நிறுவனம் இயங்குகிறது. மணிப்பூரின் மொய்ராங்கில், 1944 ஏப்ரலில் அந்தப் படை கொடி ஏற்றிய ஊரில், ஐ.என்.ஏ. அருங்காட்சியகம் உள்ளது. டெல்லி செங்கோட்டையில் 2019-ல் இன்னொன்று திறந்தார்கள். தியாகி பென்ஷன் கோப்பு போன்ற காகிதங்களுக்குத் தேசிய ஆவணக் காப்பகம் பொருத்தமானது. ஆனால் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களின் பங்கைப் பொறுத்தவரை, அவர்கள் சேர்ந்ததும் பயிற்சி பெற்றதும் சிங்கப்பூரிலும் மலேயாவிலும்தான். சிங்கப்பூரில் படைக்கு எழுப்பிய நினைவுச்சின்னத்தைத் திரும்பிவந்த பிரிட்டிஷார் 1945-லேயே தகர்த்தார்கள். அது இருந்த இடத்தில் இப்போது ஒரு குறிப்புப் பலகை நிற்கிறது. அங்குள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று மையம் ஜப்பானிய ஆட்சிக் காலத்தை அனுபவித்தவர்களின் பேச்சைப் பதிவுசெய்து வைத்திருக்கிறது. 2015-ல் லிட்டில் இந்தியாவில் திறந்த இந்திய மரபுடைமை நிலையம் குடும்பங்களிடமிருந்து பொருட்களைப் பெற்றே வளர்ந்தது. கோலாலம்பூரில் இருப்பது மலேசியத் தேசிய ஆவணக் காப்பகம்.

மிகப் பெரிய குறை இருப்பது சயாம் ரயில் பாதையில். தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் பாதையை 1942-ல் தொடங்கி 1943 அக்டோபருக்குள் போட்டு முடித்தார்கள். வேலை வாங்கப்பட்ட போர்க்கைதிகள் 60,000-க்கு மேல். இறந்தவர்கள் 12,000-க்கு மேல். ஆசியத் தொழிலாளர்களோ கைதிகளைப்போல் மூன்று மடங்குக்கு மேல், அவர்களில் மலேயாத் தமிழர்கள் பெரிய கூட்டம். இறந்தவர் கணக்கில் மதிப்பீடுகள் வேறுபடுகின்றன. 90,000 என்று சொல்வோர் உண்டு. காஞ்சனபுரியின் போர்க் கல்லறையில் கிட்டத்தட்ட 7,000 கைதிகள் அடக்கமாகியிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் பலகையும் வெட்டிய புல்லும் உண்டு. தமிழ்த் தொழிலாளிகளுக்குப் பெயர்ப்பட்டியல்கூடக் கிடையாது. கைதிகள் ஒளித்து வைத்து எழுதிய டைரிகள் புத்தகங்களாக வந்தன, வரைந்த படங்கள் அருங்காட்சியகங்களில் தொங்குகின்றன. எழுதப்படிக்கத் தெரியாத கூலித் தொழிலாளி டைரி எழுதவில்லை. ஆகவே உயிர் தப்பி வந்தவரின் ஒரு தட்டு, தோட்டத்துப் பதிவுச் சீட்டு, திரும்பிவந்த ஆண்டில் எடுத்த ஒரு போட்டோ, பேரப்பிள்ளைகள் பதிவுசெய்த அரைமணி நேரப் பேச்சு ஆகிய எதுவாக இருந்தாலும் அதற்குச் சமமானது வேறு எங்கும் இருக்க வாய்ப்பில்லை. காஞ்சனபுரியில் கல்லறைக்குப் பக்கத்திலேயே 2003-ல் தொடங்கிய தாய்லாந்து-பர்மா ரயில் மையம் இந்தப் பாதையின் வரலாற்றுக்கென்றே இருக்கிறது. மலேசியாவிலும் இந்தத் தொழிலாளர்களின் வாரிசுகள் தகவல் திரட்டி வருகிறார்கள். இந்த ஒரு வகைப் பொருள் வீட்டில் இருப்பவர்கள் தாமதிக்கவே கூடாது.

பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்களின் நிலையும் ஏறக்குறைய இதேதான். 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு நான்கைந்து லட்சம் இந்தியர்கள் வெளியேறினார்கள். எழுத்தாளர் வெ. சாமிநாத சர்மா தம் நடைப்பயணத்தைப் புத்தகமாக எழுதினார். கூட நடந்த பல்லாயிரம் பேரிடமிருந்து வந்தவை ரங்கூன் வீட்டுப் பத்திரம், செட்டிநாட்டுப் பெட்டியடிக் கணக்கேடு, வழியில் கொடுத்த அகதிச் சீட்டு போன்றவை. செல்லாத பத்திரம் என்று இவற்றைக் கிழிக்கிறார்கள். சொத்து போனது போனதுதான்; யார் எங்கே எந்தத் தெருவில் இருந்தார்கள் என்பதற்கு மிஞ்சிய சாட்சி அந்தப் பத்திரம்.

நம்முடையதல்லாத பொருள்

பெட்டியில் எதிரியிடமிருந்து எடுத்ததும் இருக்கலாம். கொஹிமாவிலும் இம்பாலிலும் சண்டையிட்டவர்கள் சிலர் ஜப்பானியக் கொடி கொண்டுவந்தார்கள். வெள்ளைத் துணியில் சிவப்பு வட்டம், அதைச் சுற்றிக் கதிர்போலக் கருமையில் எழுத்துகள். போருக்குப் போகும் பையனுக்கு உற்றார் உறவினர், ஆசிரியர், அக்கம்பக்கத்தார் எல்லோரும் கையெழுத்திட்டுக் கொடுத்த கொடி அது. சட்டைக்குள் மடித்து வைத்துக்கொண்டு போவார்கள். பல ஜப்பானியக் குடும்பங்களுக்கு எலும்புகூடத் திரும்பவில்லை. அந்தக் கொடி மட்டுமே அவர்களுக்கு மிஞ்சக்கூடியது. அமெரிக்காவின் ஓரிகானில் 2009-ல் தொடங்கிய ஓபோன் சொசைட்டி இத்தகைய கொடிகளின் எழுத்தைப் படித்து உரிய குடும்பத்தைக் கண்டுபிடித்துத் திருப்பிக் கொடுக்கிறது. இந்தப் பொருளுக்கு அருங்காட்சியகத்தைவிட அந்தக் குடும்பத்துக்கே உரிமை அதிகம் என்பதில் ஐயம் வேண்டாம்.

ஆயுதங்கள் வேறு விஷயம். கைத்துப்பாக்கி கிடைத்தால் அது துருப்பிடித்திருந்தாலும் உரிமம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். போலீஸுக்குச் சொல்வதே வழி. கையெறி குண்டு, ஷெல், தோட்டா போன்றவற்றை எழுபது எண்பது வருடம் ஆகிவிட்டதே என்று அசைத்துப் பார்க்கக் கூடாது. வெடிமருந்து வயதானால் சாதுவாகிவிடுவதில்லை. தொடாமல், வீட்டாரை விலக்கிவிட்டு, காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுக்க வேண்டும்.

வெளிநாட்டு அருங்காட்சியகத்துக்கு அனுப்ப நினைப்பவர்கள் சட்டம் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1972-ன் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த பொருள் தொல்பொருளாகக் கருதப்படும். வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் படிகளுக்கும் ஆவணங்களுக்கும் எழுபத்தைந்து ஆண்டே போதும். இவற்றைத் தனியார் நாட்டைவிட்டு அனுப்ப முடியாது. முதல் உலகப் போர் மெடலும் 1944-ல் எழுதிய கடிதமும் இந்தக் கணக்குக்குள் வந்துவிடலாம். எனவே லண்டனின் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்துக்கோ சிங்கப்பூருக்கோ கொடுப்பதென்றால் தொல்லியல் துறையிடம் முதலில் விசாரிக்க வேண்டும். பல சமயங்களில் நல்ல தரத்தில் எடுத்த டிஜிட்டல் படியே அவர்களுக்குப் போதுமானதாக இருக்கும். அசல் இந்தியாவிலேயே ஓரிடத்தில் இருக்கட்டும்.

கொடுக்கும் விதம்

பார்சலில் கட்டி அனுப்பிவிடுவது தவறு. முதலில் போவது கடிதமும் பட்டியலும் சில போட்டோக்களும்தான். யாருடைய பொருள், என்னென்ன இருக்கிறது, எழுதி வைத்த கதை எத்தனை பக்கம் என்று ஒரு பக்கத்தில் சொன்னால் போதும். பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம். ‘எங்களிடம் இது ஏற்கெனவே உள்ளது’ என்று வந்தால் அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. வேறு யாரைக் கேட்கலாம் என்று அவர்களையே கேட்டால் பெரும்பாலும் சொல்வார்கள்.

உடன்பிறந்தார் எல்லோருடைய சம்மதத்தையும் எழுத்தில் வாங்கிக்கொள்வது அவசியம். ஐந்து வாரிசுகளில் ஒருவர் பத்து வருடம் கழித்து மெடலைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போட்டால் எந்த நிறுவனமும் அடுத்த பெட்டியை வாங்கத் தயங்கும். நன்கொடையா, குறிப்பிட்ட காலத்துக்குக் கடனாகவா, பிரதி எடுத்துக்கொள்ள மட்டுமா என்பதையும் தெளிவாக எழுத வேண்டும். கடிதங்களைப் பொறுத்தவரை தாள் ஒருவருடையது, எழுத்தின் பதிப்புரிமை வேறொருவருடையது. எழுதியவர் இறந்த பிறகும் அந்த உரிமை அவர் வாரிசுகளிடம் இருக்கும். காப்பகம் அவற்றை அச்சிடவும் இணையத்தில் போடவும் அனுமதியுண்டா என்று கேட்கும். குடும்பத்து அந்தரங்கம் எழுதிய கடிதங்கள் இருந்தால், குறிப்பிட்ட ஆண்டுவரை யாருக்கும் காட்டக் கூடாது என்று நிபந்தனை போடலாம். எப்போதும் காட்சியில் வைக்க வேண்டும் என்ற நிபந்தனையை மட்டும் யாரும் ஏற்கமாட்டார்கள். பிற்காலத்தில் நிறுவனம் அந்தப் பொருளை வைத்திருக்க முடியாமல் போனால் முதலில் குடும்பத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று கேட்பது நியாயமானது, பெரும்பாலும் ஏற்கத்தக்கது.

பெட்டியைக் கைவிட மனம் வராதவர்களுக்கும் வழி இருக்கிறது. 2008-ல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் முதல் உலகப் போரின் குடும்பப் பொருட்களைப் படமெடுத்துச் சேர்க்கும் திட்டத்தைத் தொடங்கியது. 2011 முதல் ஐரோப்பிய நாடுகளில் அதையே ஊர் ஊராகச் செய்தார்கள். மக்கள் பெட்டியோடு நூலகத்துக்கு வந்தார்கள்; அங்கேயே ஸ்கேன் செய்து, கதையைக் கேட்டு எழுதிக்கொண்டு, பொருளைத் திருப்பிக் கொடுத்தார்கள். தமிழகத்தில் ஒரு மாவட்ட மைய நூலகமோ வரலாற்றுத் துறை உள்ள கல்லூரியோ மனம் வைத்தால் இதைச் செய்ய ஒரு ஸ்கேனரும் இரண்டு மாணவர்களும் போதும். வேலூர் மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் இருக்கும் ஊர்கள் உண்டு. அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை முகாம் போட்டால் என்னென்ன வெளியே வரும் என்று நினைத்தாலே ஆவல் மிகுகிறது.

பொருளைக் கொடுத்த பிறகு நிறுவனம் ஒரு பதிவு எண் போட்டு ரசீது தரும். ரசீது, பொருட்பட்டியல், எல்லாவற்றின் ஸ்கேன், எழுதி வைத்த கதை ஆகியவற்றைக் குறைந்தது மூன்று பிரதிகள் எடுத்து, வெவ்வேறு வீடுகளில் வைக்க வேண்டும். நிறுவனத்தின் ஊழியர்கள் மாறுவார்கள், கட்டடம் மாறும், பெயர்கூட மாறும். பேரனின் மகள் பின்னாளில் போய்க் கேட்கும்போது அந்தப் பதிவு எண்ணைச் சொன்னால்தான் பெட்டியை எடுத்துக் காட்டுவார்கள்.